மஞ்சள் விளக்கை நான் கொண்டு வருகிறேன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் அப்பா. அவருக்குக் காது முன்னைவிட மந்தமாகிவிட்டது. இடது காதில் அநேகமாக எதுவுமே விழுவதில்லை. நாலு பேர் சேர்ந்து பேச ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். பேசப்பேச எழுத்தாகக் காட்டும் வசதி கைபேசியில் இருக்கிறதல்லவா, போன வாரம் முழுக்க அதை அவருக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாள் எரிச்சல்பட்டார். மூன்றாம் நாள் நானும் தம்பியும் ஏதோ பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அதெல்லாம் இல்லை, அது நடந்தது அவ பிறந்த வருஷம்" என்று திருத்தினார். எத்தனை மாதம் கழித்து எங்கள் பேச்சுக்குள் வந்தார் தெரியுமா? எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

உன் மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்து மனசு நிறைந்தது. அவள் சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து எதையும் மூன்று தரம் கேட்பாளே, அந்தப் பிடிவாதம்தான் இப்போது கைகொடுத்திருக்கிறது. உன் முழங்கால் வலியை மட்டும் ஒரே வரியில் எழுதித் தாண்டிவிட்டாய். அடுத்த கடிதத்தில் அதை ஒழுங்காக எழுது.

இனி உன் கூட்டம். வலிப்பு நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோர் 120 பேர். ஆங்கிலத்தில் பேசப்போகும் மருத்துவர்கள் இரண்டு பேர். தமிழில் கேட்க வேண்டியவர்கள் பாதிக்கு மேல், அவர்களுடைய கேள்விகள் மருத்துவர்களுக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும். "செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்ப்பு வைக்கலாம் என்கிறார்கள், எந்தச் செயலி நல்லது, பேர் மட்டும் சொல்லு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். இருபது வருஷம் பேச்சாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு மொழிபெயர்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், செயலி கடைசியில்தான் வரும். இந்த ஒன்றரை வருஷத்தில் இப்படி ஐந்து கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். அந்த ஐந்தில் முதலாவது கெட்டுப்போனது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், நீ அந்த வழியில் போகக் கூடாது.

அன்று மடிக்கணினியை மேடைக்கு முன்னால் ஒரு மேசையில் வைத்து, அதிலேயே இருக்கும் மைக்கை நம்பிவிட்டோம். மனிதக் காதுக்குப் பேச்சு தெளிவாகவே கேட்டது. இயந்திரத்துக்குப் போனதோ பேச்சும் சுவரில் மோதித் திரும்பிய எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் கலந்த கலவை. பாதி வாக்கியங்கள் சிதைந்தன. அதைவிட மோசம், பேச்சாளர் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் திரையில் "பார்த்ததற்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. இந்த மாதிரி மென்பொருள்கள் இணையத்தில் குவிந்து கிடக்கும் ஒலியிலிருந்து கற்றவை. அமைதியைக் கொடுத்தால் சிலநேரம் அமைதி என்று எழுதாமல், கற்றதிலிருந்து எதையாவது எடுத்து நிரப்பிவிடும். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது: இதற்கு நல்ல ஒலி கொடுப்பதுதான் பாதி வேலை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் என்று உனக்கே புரியும். பெரும்பாலான ஏற்பாடுகளில் வேலை மூன்று கை மாறுகிறது. ஒன்று பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும், அடுத்தது அந்த எழுத்தை மொழிபெயர்க்கும், மூன்றாவது மொழிபெயர்ப்பைக் குரலாகப் படிக்கும். முதல் கை தவறாக எழுதிவிட்டால் மற்ற இரண்டும் அந்தத் தவறையே பணிவாக, அழகாகக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். எழுத்தை இடையில் வைக்காமல் குரலிலிருந்து நேராகக் குரலுக்குப் போகும் வழியும் இருக்கிறது. 2019-இல் கூகுள் டிரான்ஸ்லேட்டோட்ரான் என்ற ஆய்வை வெளியிட்டது, 2023-இல் மெட்டா சீம்லெஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள்களைக் கொண்டுவந்தது. ஆனால் உன் கூட்டத்துக்கு நான் மூன்று கை வழியைத்தான் சொல்வேன். நடுவில் எழுத்து இருந்தால் ஒரு மனிதரால் அதைப் பார்க்க முடியும், பிழையைப் பிடிக்க முடியும். மருந்து பற்றிப் பேசும் இடத்தில் அந்த ஜன்னல் எனக்கு வேண்டும்.

ஆகவே முதலில் மைக் செட் போடுபவரிடம் பேசு. எல்லா மைக்கும் வந்து சேரும் அவருடைய மிக்ஸரிலிருந்து உனக்குத் தனியாக ஒரு வெளியீடு வேண்டும் என்று கேள். ஆக்ஸ் என்றால் அவருக்குப் புரியும். அதில் பேச்சாளர்களின் மைக் மட்டும் வர வேண்டும், பாட்டோ வீடியோ ஒலியோ வரக் கூடாது. அந்த ஒயரை, ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றின் வழியாகக் கொடுத்தால் போதும். கணினியில் இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடு. சுத்தமான ஒலி வரும்போது இவை வார்த்தையின் ஓரங்களைத்தான் கடித்துத் தின்னும். பேச்சாளருக்குக் காலர் மைக் கொடு, கையில் பிடிக்கும் மைக் என்றால் வாய்க்கு நாலு விரல்கடை தூரத்தில். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபெல் இறங்கிவிடும், அரங்கின் எதிரொலியோ அப்படியே இருக்கும். அதனால்தான் மைக்கைத் தள்ளிப் பிடிக்கும் பேச்சாளர் ஒவ்வொருவரும் எனக்குத் தலைவலி.

மொழிபெயர்த்த குரலை எந்தக் காரணத்துக்காகவும் அரங்கின் ஒலிபெருக்கியில் விடாதே. அது மேடை மைக்கில் புகுந்து, இயந்திரம் தன் பேச்சையே திரும்ப மொழிபெயர்க்க ஆரம்பித்துவிடும். தமிழ்க்குரல் காதுகளுக்குள் மட்டும் போக வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் கைபேசியில், தங்கள் இயர்ஃபோனில் கேட்பதுதான் சிக்கனம். கைபேசியைக் காட்டினால் தமிழ்க்குரல் திறக்கும்படி, நாற்காலிதோறும் கியூஆர் குறி ஒட்டிய சீட்டு ஒன்று வைத்துவிடு. ஒரு குரலோடைக்கு நொடிக்கு 32 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் 120 பேருக்கும் சேர்த்து 4 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். இணையத்தின் வேகம் பிரச்சினை ஆகாது. வீட்டு உபயோக ரவுட்டர் ஒன்றில் 120 கைபேசிகள் ஒரே நேரத்தில் தொற்றுவதுதான் பிரச்சினை. அரங்கத்தாரிடம் அதை முன்கூட்டியே கேட்டுவிடு. மொழிபெயர்க்கும் கணினியை மட்டும் ஒயரில் இணை. அது வைஃபையை நம்பி இருக்கவே கூடாது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. நாம் யோசிப்பதே இல்லை, ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு இது உயிர்போகிற விஷயம். ஒரு தாய் எழுந்து, "டாக்டர், நீங்க சொன்ன ராத்திரி மாத்திரையை நான் அவனுக்குக் கொடுக்க" என்று சொல்லி ஒரு மூச்சு விடுகிறாள். அடுத்து வரப்போவது "முடியல"யா, "மறந்துட்டேன்"ஆ, "ஆரம்பிச்சுட்டேன்"ஆ? ஆங்கிலத்துக்கோ அது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வேண்டும். அவள் மூச்சு வாங்கியதை வாக்கியம் முடிந்ததாக எடுத்துக்கொண்டு இயந்திரம் அவசரப்பட்டால், கொடுக்காத மாத்திரை கொடுத்ததாக மருத்துவர் காதில் விழும். அந்த இடத்தில் இயந்திரத்துக்குப் பதில் நான் உட்கார்ந்தால் காத்திருப்பேன். கூடவே மொழிபெயர்க்கும் எங்களைப் போன்றவர்கள் பேச்சாளருக்கு இரண்டு முதல் நாலு நொடி வரை பின்னால்தான் ஓடுவோம், அந்த இடைவெளியில்தான் வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியும். இயந்திரத்துக்கும் அந்த இடைவெளியைக் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனை நொடி அமைதி இருந்தால் வாக்கியம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அமைப்பு இருக்கும். விற்பவர்கள் "தாமதமே இல்லை" என்று காட்டுவதற்காக அதை மிகக் குறைத்து வைத்திருப்பார்கள். நீ கூட்டு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது கொஞ்சம் அதிகமாகவே கூட்டு. பதில் நாலைந்து நொடி பிந்தி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அமைப்பை மாற்றுவதைவிடப் பேச்சாளரை மாற்றினால் பலன் அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணை 1945 நவம்பர் 20 அன்று தொடங்கியபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ருஷ்யன், ஜெர்மன் என்று நாலு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்த்தார்கள். அங்கே மொழிபெயர்ப்புக் குழுவின் கையில் இரண்டு விளக்குகள் இருந்தன. மஞ்சள் எரிந்தால் பேசுபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். நீதிபதியானாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரானாலும் அதேதான். அந்த ஏற்பாட்டை அமைத்த லியோன் டோஸ்டெர்ட் என்பவர்தான், 1954-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து கணினியால் ருஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டிய சோதனைக்கும் பின்னால் இருந்தார். 250 சொற்கள், 6 விதிகள், அவ்வளவுதான் அதன் சரக்கு. மனிதர்களை வைத்தும் இயந்திரத்தை வைத்தும் இந்த வேலையை நடத்திக்காட்டியவர் ஒரே மனிதர் என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ ரொம்ப ஆறுதலாக இருந்தது.

அந்த மஞ்சள் விளக்கை நான் திருடிக்கொண்டேன். மேசை விளக்கு ஒன்றில் மஞ்சள் பல்பு போட்டு, பேச்சாளர் கண்ணில் படும்படி வைத்து, ஸ்விட்சை என் கையில் வைத்துக்கொள்கிறேன். தமிழ்க்குரல் பின்தங்கினால் எரியவிடுவேன். இது அவசியம், ஏனென்றால் பேச்சாளர் வேகமாகப் போனால் இயந்திரக் குரலுக்குப் படிக்க வேண்டிய வாக்கியங்கள் வரிசையில் சேர்ந்துகொண்டே போகும். என் இரண்டாவது கூட்டத்தில் ஆறு நொடியில் தொடங்கிய தாமதம் இருபது நிமிடத்தில் முக்கால் நிமிடமாகிவிட்டது. ஆங்கிலம் கேட்டவர்கள் கைதட்டி முடித்த பிறகு தமிழ் கேட்டவர்கள் தனியாகக் கைதட்டினார்கள். அந்த மனிதர்களின் முகத்தை நான் மறக்கவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்தும் வேறு கூட்டத்தில் இருந்தார்கள்.

இங்கேதான் அப்பா எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார். எழுத்து தாமதமானால் கண் ஓடிப் பிடித்துவிடும். காதால் அது முடியாது. அதனால் குரலோடு கூட, திரையில் பெரிய எழுத்தில் இரண்டு வரி தமிழும் ஓடட்டும். காது மந்தமான தாத்தா பாட்டிகள் உன் கூட்டத்துக்கும் வருவார்கள்தானே.

சொற்பட்டியல் ஒன்று தயார் செய்ய வேண்டும். மருந்துப் பெயர்கள் எல்லாம் அதில் வரட்டும், லெவெடிரசெட்டம், சோடியம் வால்ப்ரோயேட், கார்பமசெபின் என்று மருத்துவர்கள் சொல்லப்போகும் அத்தனையும். நல்ல மென்பொருள்கள் இப்படி ஒரு பட்டியலை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும். ஆட்களின் பெயரையும் சேர். மலர், அன்பு, வெற்றி என்று பெயர் உள்ளவர்களைப் பூவாகவும் காதலாகவும் ஜெயமாகவும் ஆக்கி வைத்துவிடும், தன் பெயரே தொலைந்துபோனவர் அதற்கப்புறம் வாய் திறக்கமாட்டார். எண்களை நம்பவே நம்பாதே. ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் ஒலியில் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லிப் பார். மருந்தின் அளவு எதுவானாலும் அது மருத்துவர் திரையில் காட்டும் படக்காட்சியில் எழுத்தாக இருந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர்களிடம் கண்டிப்பாகச் சொல்.

மொழியைத் தானே கண்டுபிடிக்கும் வசதியையும் அணைத்துவிடு. நம் பெற்றோர் பேசும் தமிழில் பாதி ஆங்கிலச் சொற்கள் இருக்கும், அது குழம்பி நடுவிலேயே மொழி தாவும். கேள்வி நேரத்தில் யார் பேசுகிறார் என்று பார்த்து மொழியை மாற்ற ஓர் ஆள் உட்காரட்டும். பேச்சுத்தமிழும் ஒரு சிக்கல்தான். "வந்துட்டு இருந்தாங்க" என்பதை ஒழுங்காகப் பிடிக்கிற மென்பொருள் எது, செய்தி வாசிப்பது போலப் பேசினால்தான் புரிந்துகொள்வேன் என்கிற மென்பொருள் எது என்பதை, உன் பெற்றோரில் இரண்டு பேரைப் பேசவைத்துச் சோதித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நீ கேட்ட "எந்தச் செயலி"க்குப் பதில் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு கூட்டம். மருத்துவர் ஆங்கிலத்தில், அடுத்த சிகிச்சை என்ன என்பதை ஆறு மாதம் கழித்து முடிவு செய்வோம் என்றார். ஆங்கிலத்தில் 'வீ' என்ற ஒரே சொல். இயந்திரம் அதை "நாங்கள் முடிவு செய்வோம்" என்று தமிழாக்கியது. பிழை இல்லாத தமிழ், இலக்கணத்தில் குற்றம் சொல்ல முடியாது. பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்துவிட்டார். "நீங்களே முடிவு பண்றதா இருந்தா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" அறை அப்படியே உறைந்துபோனது. மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் சொன்னது நாம். பெற்றோரையும் சேர்த்துக்கொண்டுதான் சொன்னார், சொல்லும்போது கையைக்கூட அவர்கள் பக்கம் விரித்துக் காட்டினார். அந்தக் கையை இயந்திரம் பார்க்கவில்லை. நான் மைக்கை வாங்கி, "ஐயா, அவர் நாம் என்றுதான் சொன்னார். நீங்களும் அவரும் சேர்ந்து" என்றேன். அந்தத் தகப்பன் உட்காரும்போது அவர் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு சொல் இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து வரும்போது யாராவது ஒருவர் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆகவே இரண்டு பேரை உட்காரவை. ஒருவர் இரண்டு மொழியும் தெரிந்தவர், கையில் மைக்கும் மியூட் பட்டனும் உள்ளவர். இன்னொருவர் ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவர். அவர் தமிழ்க்குரலை மட்டும் கேட்டு, பொருள் புரியாமல் போகும் நொடியில் கையைத் தூக்க வேண்டும். இரண்டாவது ஆளை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதாலேயே, தமிழில் விட்டுப்போனதை என் மூளை ஆங்கிலத்திலிருந்து தானாக நிரப்பிக்கொள்கிறது. அவர் நிரப்பமாட்டார்.

அழுகை வரும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிடு. அதே கூட்டத்தில் ஒரு தாய், பிள்ளைக்கு இரவில் முதல் தடவை வலிப்பு வந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஆங்கிலத்தில் அது ஒரே இனிமையான சீரான குரலில் போய்க்கொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. பட்டனை அழுத்திவிட்டு நானே மருத்துவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். உன் கேள்வி நேரத்துக்கு ஒரு மனித மொழிபெயர்ப்பாளர் இருந்தே ஆக வேண்டும். நானே வருகிறேன், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பேச்சாளரின் குரலையே நகலெடுத்து அவர் தமிழில் பேசுவதுபோலக் கேட்கவைக்கும் வசதியை உனக்கு யாராவது ஆசையாகக் காட்டுவார்கள். வேண்டாம். இயந்திரம் ஒரு மருந்தளவைத் தப்பாகச் சொல்லி, அது மருத்துவரின் குரலிலேயே வந்தால், அந்தத் தாய் யாரை நம்புவாள்? இயந்திரக் குரல் இயந்திரக் குரலாகவே கேட்கட்டும். தொடங்குவதற்கு முன், இது இயந்திர மொழிபெயர்ப்பு, சந்தேகமாக இருந்தால் கையைத் தூக்குங்கள் என்று நீயே தமிழில் சொல்லிவிடு.

பிள்ளைகளின் நோயைப் பற்றிப் பேசப்போகிறார்கள். அந்தப் பேச்சு யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகிறது என்பதையும் அவர்களிடம் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். பதிவைச் சேமிக்கும் வசதியை அணைக்கச் சொல். வெளியே எதுவும் போகக் கூடாது என்று உன் குழு சொன்னால் கணினிக்குள்ளேயே ஓட்டவும் வழி உண்டு. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளை, ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்டதை, இறக்கி வைத்துக்கொள்ளலாம், 6,80,000 மணிநேர ஒலியில் பயின்றது. ஆனால் அது மொழிபெயர்ப்பது ஆங்கிலத்துக்கு மட்டும்தான். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வர, 200 மொழிகளுக்காக மெட்டா வெளியிட்ட என்எல்எல்பி போன்ற எழுத்து மொழிபெயர்ப்பு மென்பொருள் இன்னொன்றைப் பின்னால் கோக்க வேண்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியும், இதில் கை பழகிய ஒருவரும் வேண்டும். என் தம்பிக்கு இது தெரியும், தேவையானால் கூட்டிவருகிறேன்.

பெயர்ப் பட்டியலையும் மருத்துவர்களின் படக்காட்சியையும் இந்த வாரத்துக்குள் அனுப்பு. முதல் நாள் மாலையே வந்துவிடுகிறேன், அதே அரங்கில், அதே மைக்கில் இரண்டு மணிநேரம் ஒத்திகை பார்க்க வேண்டும். மருத்துவர்களில் ஒருவராவது வந்து பத்து நிமிடம் பேசட்டும். மஞ்சள் விளக்கை நான் கொண்டு வருகிறேன்.

இவ்வளவு நேரமாக யாருக்கு எழுதுகிறாய் என்று அப்பா கேட்கிறார். உன் பேரைச் சொன்னேன். கைபேசி அதை வேறு என்னவோவாக எழுதியது. அவர் திரையைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்து, "அவளா! முழங்கால் எப்படி இருக்காம்?" என்கிறார். உன் கடிதத்தை அவருக்கும் படிக்கக் கொடுத்திருந்தேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி